வாசகர் கேள்விகள்: வயதான ஸ்போர்ட்ஸ் கார் வாங்கலாமா?

20, 30 ஆண்டுகளான ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றி வந்த கடிதங்களை ஒன்றாகச் சேர்த்து இந்த இதழில் பதில் எழுதுகிறேன். பெயர்களை விடுத்து ஊர்களை மட்டும் குறிப்பிட்டுள்ளேன்.

கேள்வி: 2001-ஆம் ஆண்டு போர்ஷே 911 கரேரா (996) ஒன்று விலைக்கு வந்துள்ளது. முந்தைய தலைமுறையான 993-க்குக் கேட்கும் விலையில் பாதிகூட இல்லை. ஏன் இத்தனை மலிவு? ஏதோ பேரிங் கோளாறு என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள்.
— ஹாரோ, லண்டன்

பதில்: தொடக்கம் முதல் 1998 வரை 911-இன் எஞ்சினைக் காற்றே குளிர்வித்து வந்தது. 993-உடன் அது முடிந்து, 996-இல் தண்ணீர் வந்தபோது பழைய ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். உடைந்து வழிந்த முட்டைக்கருவைப் போன்ற முன்விளக்குகளை போர்ஷேயின் விலை குறைந்த மாடலான பாக்ஸ்டருடன் பகிர்ந்துகொண்டதையும் அவர்கள் மன்னிக்கவில்லை. விலை வேறுபாட்டில் ஒரு பங்கு இந்த மனக்கசப்புக்கு உரியது. என் கருத்தில் அது நியாயமற்றது. ஓட்டிப் பார்த்தால் 996 சிறந்த கார்.

மற்றொரு பங்கு உங்கள் நண்பர்கள் சொல்லும் பேரிங்குக்கு உரியது. எஞ்சினுக்குள் கிராங்க் தண்டிலிருந்து கேம் தண்டுகளுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் இடைத் தண்டு ஒன்று உண்டு. அதன் ஒரு முனையைத் தாங்குவது, கிரீஸ் அடைத்து மூடிய சிறு பேரிங். நாளடைவில் எஞ்சின் ஆயில் அதற்குள் கசிந்து கிரீஸைக் கழுவிவிட, குண்டுகள் தேய்ந்து பேரிங் உடைந்தால், வால்வுகளும் பிஸ்டன்களும் மோதி எஞ்சின் முழுவதுமே பாழாகிவிடும். எல்லாக் கார்களிலும் இது நேர்வதில்லை. முதலில் வந்த இரட்டை வரிசைப் பேரிங்கைவிடப் பின்னர் வந்த ஒற்றை வரிசைப் பேரிங்தான் அதிகம் பழுதானது. அமெரிக்காவில் வழக்குவரை சென்று சமரசத்தில் முடிந்ததும் அதைப் பற்றியதுதான். 2001 மாடலில் இரண்டில் எது இருக்கிறது என்பதை கியர் பாக்ஸைக் கழற்றிப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். எனவே கியர் பாக்ஸை எப்படியும் கழற்ற வேண்டிவரும் கிளட்ச் மாற்றத்தின்போதே பேரிங்கையும் மாற்றிவிடுவது வழக்கம். விற்பவர் மாற்றிவிட்டதாகச் சொன்னால் ரசீதைக் கேளுங்கள். வாய்ச்சொல்லுக்கு விலை கொடுக்க வேண்டாம்.

ரசீது இல்லையென்றால் ஆயில் ஃபில்டரைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பணிமனையில் இதை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். மெக்கானிக் காகித மடிப்புகளை ஒவ்வொன்றாக விரித்து, வெள்ளைத் தட்டில் ஆயிலைப் பிழிந்து, அதன்மேல் ஒரு காந்தத்தை நகர்த்தினார். பழுப்பு நிறத்தில் சில பிளாஸ்டிக் துணுக்குகள் தட்டிலேயே கிடந்தன. அவை செயின் உராய்ந்து செல்லும் பட்டைகளின் தேய்மானம் என்று அவர் கவலைப்படவில்லை. காந்தத்தின் நுனியில் மின்னும் எஃகுத் துகள்கள் ஒட்டியிருந்தால் அந்தக் காரை விட்டு விலகுவதே உத்தமம் என்றார்.

2002 முதல் வந்த 3.6 லிட்டர் எஞ்சின்களில் அதிகம் பேசப்படும் சிலிண்டர் சுவர்க் கீறல், உங்கள் காரின் 3.4 லிட்டர் எஞ்சினில் குறைவு. இருப்பினும் கேமரா குழாயை உள்ளே செலுத்திப் பார்த்துவிடுவது நல்லது. எம்ஓடி என்னும் பிரிட்டனின் ஆண்டுத் தகுதிச் சோதனை வரலாற்றை வண்டி எண்ணைக் கொண்டு அரசு இணையதளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். ஓடிய மைல் கணக்கு எங்காவது பின்னோக்கிச் சென்றிருக்கிறதா என்பது அதில் தெரிந்துவிடும்.

சேகரிப்பு மதிப்பைப் பொறுத்தவரை, 996 வரிசையில் அது டர்போ, ஜிடி2, ஜிடி3 ஆகியவற்றுக்கே உரியது. அவற்றின் எஞ்சின் போர்ஷே பொறியாளர் ஹான்ஸ் மெட்ஸ்கரின் பெயரால் அழைக்கப்படுவது. 1998-இல் லெமான்ஸ் பந்தயத்தை வென்ற காரின் எஞ்சினோடு உறவுடையது. இந்தப் பேரிங் தொல்லையும் அதற்கு இல்லை. உங்கள் கரேராவை ஓட்டி மகிழ்வதற்காக வாங்குங்கள்.

கேள்வி: 1996 மாடல் ஃபெராரி எஃப்355 ஒன்றைப் பார்த்தேன். டைமிங் பெல்ட் மாற்றி ஐந்து ஆண்டுகள் ஆனாலும் அதன்பின் 900 கிலோமீட்டர்தான் ஓடியது என்கிறார் விற்பவர். போதுமா?
— மெல்போர்ன்

பதில்: போதாது. கேம் தண்டுகளைச் சுழற்றும் இந்த ரப்பர் பெல்ட் ஓடாமல் நின்றாலும் முதுமையடையும். எஃப்355-இல் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவதே பலரின் வழக்கம். ஐந்துவரை நீட்டிப்பவர்களும் உண்டு. ஆகவே நீங்கள் பார்த்த கார், எத்தனை குறைவாக ஓடியிருந்தாலும், பெல்ட் மாற்ற வேண்டிய கார்தான்.

அந்த வேலையின் அளவை உணர்ந்த பிறகே விலை பேச வேண்டும். பெல்ட்டை எட்ட வேண்டுமானால், எஞ்சின், கியர் பாக்ஸ், அவற்றைத் தாங்கும் சட்டம் மூன்றையும் ஒரே தொகுப்பாகக் காரிலிருந்து கீழே இறக்க வேண்டும். இறக்கிவிட்டால் மற்ற குறைகளும் கண்ணில் படும். எஞ்சினிலிருந்து புகையைத் திரட்டும் மேனிஃபோல்டு குழாய்களில் விரிசல் விழுவது இந்த மாடலில் மிகச் சாதாரணம். சிலிண்டருக்கு ஐந்து வீதம் நாற்பது வால்வுகள். தொடக்க ஆண்டுக் கார்களில் அவை நகரும் வெண்கலக் குழல்களான கைடுகள் விரைவில் தேய்ந்தன. ஒவ்வொரு சிலிண்டரிலும் காற்றுக் கசிவுச் சோதனை செய்து முடிவை எழுத்தில் வாங்குங்கள். பெல்ட் செலவைக் கழித்துவிட்டு, மேனிஃபோல்டுக்கும் கைடுகளுக்கும் கையில் தனியாகப் பணம் இருந்தால் மட்டுமே மேற்கொண்டு பேசுங்கள். உள்ளே ஏசி பொத்தான்கள் விரலில் பசைபோல் ஒட்டினால் அஞ்ச வேண்டாம். அக்கால ஃபெராரிகளில் மேற்பூச்சு அப்படித்தான் இளகும்.

அடுத்து வந்த 360 மொடேனாவில் இருக்கைகளுக்குப் பின்னால் ஒரு மூடியைத் திறந்தே பெல்ட் மாற்றலாம். 2004-இல் வந்த எஃப்430-இல் பெல்ட்டே இல்லை, செயின்தான். அப்படியிருந்தும் பலர் எஃப்355-ஐத் தேடிச் செல்வது அதன் உருவத்துக்காகவும் குரலுக்காகவும்தான்; அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஸ்டியரிங்கின் பின்னால் உள்ள துடுப்பு போன்ற நெம்புகளைத் தட்டி மாற்றும் எஃப்1 கியர் பாக்ஸ் 1997-இல்தான் வந்தது. ஆகவே உங்களுடையது உலோகத் தடத்துக்குள் கையால் நகர்த்தும் கியர். இன்று கூடுதல் விலை பெறுவது அதுதான். முந்தைய உரிமையாளர் புகைபோக்கியை மாற்றியிருந்தால் பழையதையும் கேட்டு வாங்கிப் பரணில் வையுங்கள். நாளை விற்கும்போது உதவும்.

கேள்வி: ஜப்பானிலிருந்து நிஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் ஆர்34 இறக்குமதி செய்ய விரும்புகிறேன். சில ஆண்டுகளில் விலை இவ்வளவு ஏறியது ஏன்? ஏமாறாமல் இருப்பது எப்படி?
— ஸ்கார்பரோ, டொராண்டோ

பதில்: கனடாவில் 15 ஆண்டுகள் கடந்த கார்களை இறக்குமதி செய்யலாம்; அமெரிக்காவிலோ 25 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். 1999 ஜனவரியில் வெளிவந்த ஆர்34 ஜிடி-ஆருக்கு அந்தக் கதவு 2024-இல்தான் திறந்தது. 2002-இல் உற்பத்தி நின்றுவிட்ட ஒரு காருக்கு, அதே ஜப்பானிய ஏலங்களில் அமெரிக்கர்களும் கைதூக்கத் தொடங்கினால் விலை எங்கே நிற்கும்? அந்தத் தேதியைக் கணக்கிட்டு முன்கூட்டியே வாங்கிப் பதுக்கியவர்களும் உண்டு.

முதலில் சேசிஸ் எண்ணைப் பாருங்கள். உண்மையான ஜிடி-ஆர் என்றால் அது பிஎன்ஆர்34 என்று தொடங்கும். ஈஆர்34 என்று தொடங்கினால், சாதாரண ஸ்கைலைனுக்கு ஜிடி-ஆர் சட்டை மாட்டியிருக்கிறார்கள் என்று பொருள். அடுத்து, காரைச் சோதித்து ஏல நிறுவனம் எழுதும் ஏலத் தாளின் மூலப் பிரதியைப் பெற்று, ஜப்பானிய மொழி அறிந்த ஒருவரைக் கொண்டு படியுங்கள். கார் படத்தின்மேல் எழுதியிருக்கும் எஸ் என்ற எழுத்து துருவையும், டபிள்யூ என்பது தட்டிப் பூசிய இடத்தையும் குறிக்கும். மொத்த மதிப்பெண் இருக்க வேண்டிய இடத்தில் ஆர் என்று இருந்தால் அது விபத்துக்குப் பின் பழுதுபார்த்த கார். முன் சஸ்பென்ஷனைத் தாங்கும் மேடைகளில் துரு பிடிப்பது ஆர்34-இன் பரம்பரை நோய். சாலையில் உப்புத் தூவும் உங்கள் ஊரில் அதைக் குளிர்காலத்தில் வெளியே எடுக்கவே கூடாது.

கேள்வி: ஓய்வூதியச் சேமிப்பின் ஒரு பகுதியைச் சேகரிப்புக் கார்களில் போடலாமா? கோடிக்கணக்கில் ஏலம் போகிறதே?
— கோலாலம்பூர்

பதில்: நீங்கள் படிக்கும் ஏலச் செய்திகள் எந்தக் கார்களைப் பற்றியவை என்று பாருங்கள். 2022-இல் 13.5 கோடி யூரோவுக்கு விற்ற மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆர் உலென்ஹவுட் கூப்பே, உலகில் இரண்டே இரண்டு. 2018-இல் 4.84 கோடி டாலருக்குப் போன ஃபெராரி 250 ஜிடிஓ மொத்தம் 36. மெக்லாரன் எஃப்1 என்ற காரும் மொத்தம் 106-தான். சேமிப்பின் ஒரு பகுதிக்குக் கிடைக்கும் கார்கள் ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டவை. 1988-இல் என்ஸோ ஃபெராரி மறைந்த பிறகு சாதாரண ஃபெராரிகளின் விலையும் ஊதிப் பெருத்தது. 1990-களின் தொடக்கத்தில் அந்தக் காற்று இறங்கியபோது கடன் வாங்கி வாங்கியவர்கள் பல ஆண்டுகள் எழவில்லை. காப்பீடு, கொட்டகை, சர்வீஸ் என்று கார் ஓடாமல் நின்றாலும் செலவு ஓடிக்கொண்டே இருக்கும். ஓய்வூதியப் பணத்தைத் தொடாதீர்கள்.

கேள்வி: ஹாரோ வாசகர் பார்த்தது போன்ற 996-ஐ இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவர முடியுமா?
— கோயம்புத்தூர்

பதில்: முடியாது. 3 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைய கார்களை இறக்குமதி செய்ய விதி இடம் தருவதில்லை. பழம்பெரும் கார்களுக்கான விலக்கு 996-ஐ எட்டாது. ஏற்கெனவே இங்கே பதிவான காரைத் தேடுங்கள்.

கேள்வி: 1992 ஹோண்டா என்எஸ்எக்ஸ், வெறும் 19,000 கிலோமீட்டர், சேகரிப்பாளர் ஒருவரிடம் மூடியே கிடந்தது. கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா?
— சூரிச்

பதில்: கண்ணைத் திறந்து முதலில் டயரின் பக்கச் சுவரைப் படியுங்கள். நான்கு இலக்கம் இருக்கும். 2309 என்றால் 2009-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் செய்தது. சாலையில் படும் பட்டன் வரிகள் தேயாமல் பளபளத்தாலும் அந்த டயரில் நெடுஞ்சாலைக்குச் செல்லக் கூடாது. டயரையே மாற்றாதவர் பெல்ட், பிரேக் ஆயில், ஹோஸ் எதையும் மாற்றியிருக்க வாய்ப்பில்லை. தொடக்க கால ஐந்து கியர் பாக்ஸ்களில் குறிப்பிட்ட எண் வரிசைக்குள் வருபவற்றில் பாகங்களை இடத்தில் நிறுத்தும் ஸ்னாப் ரிங் என்ற வளையம் உடையும் குறை உண்டு. கியர் பாக்ஸ் எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள். உடல் முழுவதும் அலுமினியம் என்பதால், மறுபூச்சைக் கண்டுபிடிக்கப் பெயின்ட் தடிமனை அளக்கும் மானி எஃகை மட்டும் அறிவதாக இருந்தால் அதில் எதையும் காட்டாது. அலுமினியத்தையும் அளக்கும் கருவியோடு வரும் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள்.