உதைபந்தாட்ட உலகக் கிண்ணத்துக்கு ஐவர் அணி எப்படித் தெரிவாகிறது?

கேள்வி: ஐவர் அணிகள் ஆடும் ஃபுட்சால் உலகக் கிண்ணத்துக்கு ஆசிய அணிகளை எவ்வாறு தெரிவு செய்கிறார்கள்? (குருநகர் வாசகர்)

பதில்: ஆசியாவுக்கெனத் தனியான தகுதிகாண் தொடர் நடத்தப்படாமல், ஆசியக் கிண்ணப் போட்டியே அந்த வேலையையும் செய்துவிடுகிறது. 2024 ஏப்ரலில் தாய்லாந்தில் 16 அணிகள் மோதிய அப்போட்டியின் அரையிறுதிக்கு வந்த ஈரான், தாய்லாந்து, தஜிகிஸ்தான் ஆகியன நேரடியாகத் தகுதி பெற்றன. நான்காவது அரையிறுதி அணியான உஸ்பெகிஸ்தான் உலகக் கிண்ணத்தை நடத்தும் நாடு என்பதால் அதற்கு ஏற்கெனவே இடமிருந்தது. ஆகவே எஞ்சிய ஓரிடத்துக்காகக் காலிறுதியில் தோற்றவர்களை மீண்டும் மோதவிட்டார்கள்; அதில் கிர்கிஸ்தானை வென்ற ஆப்கானிஸ்தான் முதன்முறையாக உலகக் கிண்ணத்தில் கால்பதித்தது. தோற்றவருக்கும் மறுவாசல் திறந்த இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது.

உங்கள் ஊர்க் கடற்கரை மணலில் பதினொருவராக ஆடிப் பழகியவர்களுக்கு இவ்வாட்டம் முதலில் மூச்சுத்திணறலாகத்தான் இருக்கும். ஏறத்தாழ 40 மீற்றர் நீளமான தளத்தில், அதிகம் துள்ளாத சிறிய பந்தை, பக்கக் கோட்டுக்கு வெளியே போனால் 4 விநாடிக்குள் காலால் உள்ளே தள்ள வேண்டும். ஒரு பாதியில் 6ஆவது தவறிலிருந்து, எதிரணிக்குத் தடுப்புச் சுவரில்லாத நேரடி உதை கிடைத்துவிடும். இறுக்கமான தகுதிகாண் ஆட்டங்களில் பயிற்றுநர்கள் அதிகம் அஞ்சுவது இதற்குத்தான்.