ஃபார்மலினில் போட்ட கர்ப்பப்பை ஏன் கெட்டுப்போனது?

கேள்வி: சிறிய மருத்துவமனை ஒன்றில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருக்கிறேன். கர்ப்பப்பை அகற்றிய ஒரு கேஸில், எடுத்ததை அப்படியே முழுசாக ஒரு லிட்டர் டப்பாவில் வைத்து, மூழ்கும் அளவுக்கு ஃபார்மலின் ஊற்றி, மறுநாள் வெளியூர் லேபுக்கு அனுப்பினோம். ஃபார்மலினை நாங்களே குழாய்த் தண்ணீர் கலந்து தயாரிக்கிறோம். 'எண்டோமெட்ரியம் ஆட்டோலைஸ் ஆகிவிட்டது, கருத்துக் கூற இயலாது' என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. எங்கே தவறினோம்?

பதில்: சிஸ்டர், கர்ப்பப்பை ஃபார்மலினுக்குள் போனது, ஃபார்மலின் கர்ப்பப்பைக்குள் போகவில்லை. திசு கெடாமல் காக்கும் அந்தத் திரவம் திசுவுக்குள் முதல் மணி நேரத்தில் ஏறக்குறைய 1 மி.மீ.தான் இறங்கும். ஆழம் கூடக் கூட வேகம் இன்னும் குறையும். கர்ப்பப்பைச் சுவர் 2 செ.மீ. வரை தடிமனாக இருக்கும். நார்க்கட்டி இருந்தால் அதற்கும் மேல். பேத்தாலஜிஸ்ட் (திசுவைப் பரிசோதிக்கும் மருத்துவர்) முக்கியமாகப் பார்க்க வேண்டிய எண்டோமெட்ரியமோ (கர்ப்பப்பையின் உள்வரிச் சவ்வு) அந்தச் சுவருக்கு உட்புறம் இருக்கிறது. ரத்த ஓட்டம் நின்றதுமே செல்கள் தம் நொதிகளாலேயே கரையத் தொடங்கும். அதுதான் ஆட்டோலைசிஸ். நம் ஊர் வெயிலில் அது இன்னும் வேகமாக நடக்கும். வெளிப்புறம் கெட்டிப்பட்டு நன்றாக இருப்பதுபோல் தெரியும்; வெட்டினால் உள்ளே கூழ்.

அதனால் கர்ப்பப்பையைத் திறந்துதான் போட வேண்டும். சர்ஜன் கழுத்துப்பகுதியின் வாயிலிருந்து இரண்டு பக்க ஓரமாகவும் மேல்முனை வரை வெட்டி, முன்பாதி பின்பாதியாகப் பிரிக்கலாம். இடையில் நனைத்த காஸ் துணி வைத்தால் ஃபார்மலின் உட்புறத்தைத் தொடும். பெரிய நார்க்கட்டியை 1 செ.மீ. இடைவெளியில் கீறிவிட வேண்டும். ஆனால் புற்றுநோய்ச் சந்தேகம் உள்ள எந்த மாதிரியையும் லேபைக் கேட்காமல் வெட்டக்கூடாது; கட்டி விளிம்பைத் தொட்டிருக்கிறதா என்று பிறகு சொல்ல முடியாமல் போகும். அப்படிப்பட்டவற்றுக்கு சர்ஜன் நூல் அடையாளம் போட்டு (குட்டை நூல் மேல்பக்கம், நீள நூல் வெளிப்பக்கம் என்பதுபோல) லேபுக்கு அனுப்பும் ஃபார்மிலும் அதை எழுத வேண்டும்.

அடுத்த தவறு அளவு. 'மூழ்கும் அளவு' போதாது. திசுவின் கனஅளவைப் போல் பத்து மடங்கு ஃபார்மலின் வேண்டும். 200 கிராம் கர்ப்பப்பைக்கு 2 லிட்டர். டப்பாவின் வாய் அகலமாக இருக்கட்டும். குறுகிய வாய் வழியாகத் திணித்த பீஸ் உள்ளே கெட்டிப்பட்ட பிறகு வெளியே வராது, வந்தாலும் உருக்குலைந்து வரும்.

குழாய்த் தண்ணீர் கலந்த ஃபார்மலினை விட்டுவிடுங்கள். நாளாக ஆக அதில் ஃபார்மிக் அமிலம் சேரும். அது ரத்தத்தோடு சேர்ந்து பழுப்புக் கருநிறத் துகள்களாகப் படியும். மலேரியா நிறமியோ என்று குழப்பும். வேண்டியது 10% நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலின் (அமிலத்தன்மை ஏறாதபடி உப்பு சேர்த்தது). ஒரு லிட்டருக்குக் கணக்கு: கடையில் வாங்கும் 37–40% ஃபார்மலின் 100 மி.லி., காய்ச்சி வடித்த நீர் 900 மி.லி., சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் மோனோஹைட்ரேட் 4 கிராம், நீரற்ற டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 6.5 கிராம். கைக்குக் கையுறை, காற்றோட்டமான இடம், இரண்டும் கட்டாயம். ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கக் கூடியது. பழைய குடிதண்ணீர் பாட்டிலில் மட்டும் ஊற்றி வைக்காதீர்கள், யாராவது எடுத்துக் குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து.

நேரமும் முக்கியம். மார்பகக் கட்டி என்றால் எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் இருக்க வேண்டும். 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மேற்படாமலும் ஊற வேண்டும். இல்லாவிட்டால் ஹார்மோன் ஏற்பி, ஹெர்-2 (புற்றுச்செல் வளர்ச்சியைத் தூண்டும் ஒரு புரதம்) பரிசோதனைகளை நம்ப முடியாது. நோயாளிக்கு எந்த மருந்து என்பதே அதை வைத்துத்தான் முடிவாகிறது. எடுத்த நேரம், ஃபார்மலினில் போட்ட நேரம் இரண்டையும் எழுதுங்கள். சலைனில் வைத்துவிட்டு 'அப்புறம் மாற்றலாம்' என்பதும், ஃப்ரீசரில் வைப்பதும் வேண்டாம். உறைந்தால் பனிக்கட்டித் துகள்கள் செல்களைக் கிழித்துவிடும்.

ஃபார்மலினே படக்கூடாத மாதிரிகளும் உண்டு. காசநோய் கல்ச்சருக்குப் போவது கிருமி நீக்கிய சலைனில் போக வேண்டும், ஃபார்மலின் கிருமியைக் கொன்றுவிடும். ஃப்ரோசன் செக்‌ஷனுக்கு எந்தத் திரவமும் இல்லாமல் உடனே; ஆபரேஷன் நடக்கும்போதே லேபில் உறைய வைத்துப் பார்ப்பது அது. இம்யூனோஃப்ளோரசன்ஸ் (ஒளிரும் சாயம் கொண்டு செய்யும் பரிசோதனை) பார்க்கும் தோல், சிறுநீரக பயாப்ஸிகளுக்கு லேப் தரும் தனி மீடியம். நிணநீர்க் கட்டியில் லிம்ஃபோமா (நிணநீர்ப் புற்றுநோய்) சந்தேகம் என்றால் எடுப்பதற்கு முன்பே லேபுக்கு ஃபோன் செய்து கேளுங்கள்.

பெயர்ச்சீட்டை மூடியில் ஒட்டாதீர்கள், டப்பாவின் உடம்பில் ஒட்டுங்கள். லேபில் ஒரே மேசையில் பத்து மூடி திறந்திருக்கும்போது மாறினால், ஒருவரின் புற்றுநோய் இன்னொருவர் பெயரில் போய்விடும். பெயர், ஐ.பி. எண், உறுப்பு, வலமா இடமா, தேதி எல்லாம் அதில் இருக்கட்டும். இரண்டு இடத்தில் எடுத்தால் இரண்டு டப்பா. ஃபார்மில் வயது, அறிகுறி, ஸ்கேன் முடிவு, பழைய பயாப்ஸி எண். எண்டோமெட்ரியம் என்றால் கடைசி மாதவிடாய்த் தேதியும், ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறாரா என்பதும் தவறாமல் வேண்டும். அது தெரியாமல் சுரப்பிகளின் தோற்றத்தை எடைபோடுவது கடினம்.

பஸ்ஸிலோ, நோயாளியின் உறவினர் கையிலோ அனுப்பினால் மூடியைச் சுற்றி பிளாஸ்டர் ஒட்டி, பஞ்சு வைத்த பிளாஸ்டிக் கவரில் போட்டு, இன்னொரு கவரில் அடையுங்கள். ஃபார்ம் தனிக் கவரில், வெளியே.

இப்போது வந்திருக்கும் ரிப்போர்ட்டை வைத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டாம். மிச்சத் திசுவை லேப்கள் சில வாரங்கள் வைத்திருக்கும். இன்றே பேசி, வேறு பகுதிகளிலிருந்து, குறிப்பாக நன்றாக ஃபார்மலின் பட்ட கழுத்துப்பகுதியிலிருந்து, கூடுதல் பீஸ்கள் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆபரேஷனுக்கு முன் எண்டோமெட்ரியம் பயாப்ஸி எடுத்திருந்தால் அந்த ஸ்லைடுகளையும் சேர்த்துக் கொடுங்கள். உதிரப்போக்குக்காகச் செய்த ஆபரேஷன் என்றால் ரிப்போர்ட் முழுமையாக இல்லை என்பதை சர்ஜன் அந்த அம்மாவிடம் நேரில் சொல்லி, தொடர் பரிசோதனைக்கு வரச் சொல்ல வேண்டும்.