வினை, உயிர், வீடு: செட்டிநாட்டு அன்பர்களின் கேள்விகளும் பதில்களும்

சைவ சித்தாந்தத்தையும் பௌத்தத்தையும் நெடுங்காலமாகப் படித்துவருபவன் என்ற முறையில், நம் ஊர்களிலிருந்து அன்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். இரு சமயங்களும் ஒரே சொற்களைப் பல இடங்களில் வெவ்வேறு பொருளில் ஆள்கின்றன என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டுகிறேன்.

தேவகோட்டை ஆச்சி ஒருவர்: ஆன்மாவே இல்லை என்று பௌத்தர்கள் சொல்கிறார்களாமே, அப்படியானால் மறுபடி பிறப்பது எது?

ஆச்சி, இரு சமயங்களும் பிரியும் இடம் இதுதான். நம் சித்தாந்தத்தில் பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரைக் கட்டும் தளை) ஆகிய மூன்றும் என்றும் உள்ளவை. பசுவாகிய உயிர் ஆணவம் (அறிவை மறைக்கும் இருள்), கன்மம் (வினை), மாயை (உடலுக்கும் உலகுக்கும் மூலமான பொருள்) ஆகிய மும்மலங்களால் கட்டுண்டு, திருவருளால் அவை நீங்கும்வரை ஓர் உடலை விட்டு வேறோர் உடலை எடுத்துக்கொண்டே இருக்கிறது. ஆன்மாவும் பிரம்மமும் ஒன்றே என்று அத்வைதிகள் கூறினாலும், நிலைத்த பொருள் ஒன்று உண்டு என்பதில் அவர்களுக்கும் நமக்கும் கருத்து வேறுபாடு இல்லை. பௌத்தமோ 'நான்' எனப்படுவதை உருவம், நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு என்னும் ஐந்து கந்தங்களாக, அதாவது தொகுதிகளாகப் பிரித்துக் காட்டி, ஐந்தும் கணந்தோறும் மாறுவதால் அவற்றுள் நிலையான ஆன்மா எதுவும் அகப்படாது என்கிறது.

பிள்ளையார் நோன்பன்று நம் வீடுகளில் 21 இழைகளைத் திரித்து, இனிப்பு மாவில் சொருகி, சுடரோடு வாயில் இட்டுக்கொள்கிறோம் அல்லவா? விளக்கிலிருந்து அந்தத் திரிக்குத் தீ ஏற்றும்போது எந்தப் பொருள் அங்கிருந்து இங்கு வந்தது என்று கூர்ந்து பாருங்கள். விளக்குச் சுடர் குறையவில்லை, அதிலிருந்து ஒரு துண்டு பிரிந்து வரவும் இல்லை. ஆயினும் அது இல்லாமல் இது எரிந்திராது. கிரேக்க மரபினனான மிலிந்த மன்னனுக்கு நாகசேனர் என்னும் பௌத்தத் துறவி மறுபிறவியை விளக்கியதும் இந்தச் சுடர் உவமையால்தான்: பிறப்பவன் முன்னவனும் அல்லன், முற்றிலும் வேறானவனும் அல்லன் என்றார் அவர்.

இந்தத் தொடர்ச்சிக்குரிய பன்னிரு சார்புகளை, அதாவது ஒன்றைச் சார்ந்து மற்றொன்று தோன்றும் பன்னிரண்டு கண்ணிகளை, பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன் என்று நல்ல தமிழிலேயே மணிமேகலை அடுக்கித் தருகிறது. நகரத்தார் தம் பூர்விகமாகச் சொல்லும் காவிரிப்பூம்பட்டினத்தில் தொடங்கும் காப்பியம் அது. நம் பிள்ளைகள் அதைப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

புதுவயல் அன்பர்: நோயும் துன்பமும் முன்வினைப் பயன் என்பதில் இரு சமயங்களும் ஒன்றுதானே?

முழுவதும் ஒன்றல்ல. சித்தாந்தத்தில் வினை அறிவற்ற சடப்பொருள். செய்தவனைத் தானே தேடிச் சென்று சேரும் ஆற்றல் அதற்கு இல்லையாதலால், இறைவனே பயனைக் கூட்டுவிக்கிறான். சேர்ந்து கிடப்பது சஞ்சிதம், இப்போது நுகர்வது பிராரத்தம், புதிதாக ஏறுவது ஆகாமியம். பௌத்தத்தில் கூட்டுவிப்பவன் என்று ஒருவன் இல்லை. மனத்தின் எண்ணத்தையே வினை என்றார் புத்தர். மேலும், பித்தம், கபம், வாதம், பருவ மாற்றம் முதலியவற்றாலும் துன்பம் வரும், எல்லாம் முன்வினையே என்பது தவறு என்று சீவகன் என்னும் துறவியிடம் அவர் தெளிவாகக் கூறியிருக்கிறார். நோயாளியின் கட்டிலருகே நின்று 'எல்லாம் உன் முன்வினை' என்று பேசும் வழக்கம் எந்தச் சமயத்தார்க்கும் அழகன்று என்றே நான் கருதுகிறேன்.

பள்ளத்தூர் அன்பர்: புத்தர் திருமாலின் அவதாரமா?

புராணங்கள் சில அப்படிக் கூறுகின்றன. கீதகோவிந்தம் பாடிய ஜெயதேவரும் பத்து அவதாரங்களுள் புத்தரைச் சேர்த்துப் பாடினார். தமிழ் வைணவ மரபில் அந்த இடம் பலராமனுக்கு உரியது. பௌத்தர்கள் இக்கருத்தை ஏற்பதில்லை.

கானாடுகாத்தான் அன்பர்: எங்கள் ஐயா ரங்கூனிலிருந்து கொண்டுவந்த சலவைக்கல் புத்தர் வளவில் தூணோரம் தரையில் இருக்கிறார். சாமி வீட்டில் வைத்துப் பூசை செய்யலாமா?

முதலில் அவரைத் தரையிலிருந்து எடுத்து உயரமான மாடத்தில் வையுங்கள். பர்மியர் வீடுகளில் புத்தரைத் தலைமட்டத்துக்கு மேலேதான் வைப்பார்கள். வலக்கை விரல்கள் முழங்காலைக் கடந்து நிலத்தைத் தொடுகின்றனவா என்று பாருங்கள். தொட்டால், தம் தவத்தைக் கலைக்க வந்த மாரனைப் புத்தர் வென்ற இரவில் நிலத்தைச் சாட்சிக்கு அழைத்த கோலம் அது. பூவும் விளக்கும் தாராளமாக வைக்கலாம். நீராட்டுவதும் அவர்களுக்குப் புதிதன்று: ரங்கூனிலுள்ள சுவேதகோன் பகோடாவில் அவரவர் பிறந்த கிழமைக்குரிய இடத்தில் உள்ள புத்தர் உருவுக்கு நீர் வார்க்கிறார்கள். ஆனால் அவரிடம் வரம் கேட்பது, பர்மியர் பின்பற்றும் பௌத்தப் பிரிவாகிய தேரவாத நெறியின் நோக்கத்துக்கு உட்பட்டதன்று. அங்கே வழிபாடு என்பது ஆசிரியரை நினைந்து, அவர் காட்டிய எட்டு உறுப்புகள் கொண்ட வழியில் நடக்க உறுதி கொள்வதாகும். ரங்கூனில் தண்டாயுதபாணிக்குக் கோயில் எடுத்த நம் முன்னோர், பக்கத்துத் தெருவுக்காரரின் வழிபாட்டையும் அருகிலிருந்து பார்த்தவர்கள்தாமே.

கோட்டையூர் அன்பர்: காசிக்குப் போய்விட்டு, கயையில் அப்பச்சிக்குப் பிண்டம் போட்டோம். அருகிலுள்ள புத்தகயைக்கும் போனோம். பௌத்தர்களுக்கும் பிதிர்க்கடன் உண்டா?

உண்டு. ஆனால் கொடுக்கும் பொருள் வேறு. கயை விஷ்ணுபாதத்தில் நாம் இடும் பிண்டமும் எள்ளுநீரும் பிதிரர்க்கு உணவாகின்றன என்பது நம் நம்பிக்கை. தேரவாதிகள் துறவியர்க்கு உணவும் ஆடையும் தானம் செய்து, அதனால் விளைந்த புண்ணியத்தை இறந்தவர்க்குப் பங்கிடுகிறார்கள். இறந்தவர் அந்த நற்செயலைக் கண்டு மகிழும்போதுதான் அவரை அப்பயன் சேர்கிறது என்பது அவர்கள் கொள்கை. பர்மாவில் துறவியர் ஓதிக்கொண்டிருக்கையில், தானம் செய்தவர் ஒரு சிறு செம்பிலிருந்து கிண்ணத்துக்குள் நீரைச் சொட்டுச் சொட்டாக வார்ப்பார். ஓதுதல் முடிந்ததும் அந்த நீரைக் கொண்டுபோய் மண்ணில் ஊற்றிவிடுவார்கள்.