ஒரு நாள் வானொலி – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். மார்கழி மாதத்து வியாழக்கிழமையொன்றில் பி.பி.சி. ரேடியோ 4 வானொலியை முற்பகல் தொடங்கி மறுநாள் விடியும் வரை இணையத்தில் கேட்டதாக நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். எனக்கு இரண்டு கேள்விகள் உள்ளன. விரும்பியதை விரும்பிய நேரத்தில் தெரிந்தெடுத்துக் கேட்கக்கூடிய இக்காலத்தில், வேறொருவர் வகுத்த ஒழுங்கின்படி ஒரு நாள் முழுவதையும் செலவிடுவதால் என்ன பயன்? அடுத்தது, அது அவர்களுடைய வானொலி. அங்குள்ள கமக்காரரும் அங்குள்ள கடலும் நமக்கு எதற்கு? என் தந்தையார் நாற்பது வருடங்களாகக் கடற்றொழில் செய்பவர். அவருக்கு அதில் ஒரு சொல்லும் பயன்படாது.

அன்புடன்,
வடமராட்சியிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் தந்தையாருக்கு ஒரு சொல்லும் பயன்படாது என்று நீங்கள் சொல்லும் இடத்தில்தான் எனக்கு உடன்பாடில்லை.

அன்று நான் கேட்டவற்றுள் கடைசியானது கப்பல்களுக்கான வானிலை அறிக்கை. இலண்டனில் நள்ளிரவு கடந்து 12.48 மணி. நமக்குக் காலை 6.18, வலை வளைத்துவிட்டு வள்ளங்கள் கரைக்குத் திரும்பும் நேரம். பிரித்தானியத் தீவுகளைச் சுற்றியுள்ள கடலை 31 பகுதிகளாகப் பிரித்து, நோர்வேப் பக்கத்து வைக்கிங்கில் தொடங்கி, வலஞ்சுழியாகச் சுற்றிவந்து, ஐஸ்லாந்தின் தென்கிழக்குக் கடலில் முடிக்கிறார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் காற்றின் திசையும் வலுவும், கடலின் நிலை, மழை அல்லது மூடுபனி, கண்ணுக்கு எட்டும் தூரம் ஆகியவை எப்போதும் ஒரே ஒழுங்கில் வருகின்றன. எந்தச் சொல்லையும் அலங்காரத்துக்காகச் சேர்ப்பதில்லை. படகில் இருப்பவர் எழுதிக்கொள்ளட்டும் என்பதுபோல, அவசரமில்லாத குரலில் வாசிக்கிறார்கள்.

அந்தப் பகுதிகளில் ஒன்றின் பெயர் ஃபிட்ஸ்ராய். டார்வினை ஏற்றிச் சென்ற பீகிள் கப்பலின் தலைவராக இருந்தவர் அவர். 1859ஆம் ஆண்டுப் புயலில் ரோயல் சாட்டர் என்ற கப்பல் வேல்ஸ் கரையோரத்தில் உடைந்து நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, தந்தி வழியாகத் துறைமுகங்களுக்குப் புயல் எச்சரிக்கை அனுப்பும் ஏற்பாட்டை அவர் 1861இல் தொடங்கினார். முன்னர் ஃபினிஸ்டெர் என்று அழைக்கப்பட்ட கடற்பகுதிக்கு 2002இல் அவருடைய பெயரை இட்டார்கள். கடலில் போகும் உயிர்களைக் காக்க உழைத்த ஒருவருடைய பெயர், அந்தக் கடலுக்குப் போகிறவர்களின் காதில் நாள்தோறும் விழுகிறது என்பதை நான் மிக உயர்வாக எண்ணுகிறேன்.

நம்முடைய வானிலை அறிக்கைக்கும் இதே இலக்கணம்தான் இருக்கிறது. 'காங்கேசன்துறையிலிருந்து மன்னார் ஊடாகப் புத்தளம் வரையான கடற்பரப்பில்' என்று தொடங்கும் வாக்கியத்தை நீங்கள் சிறு வயது முதல் கேட்டிருப்பீர்கள். ஆனால் அது இரண்டு பாட்டுகளுக்கு இடையில், மூச்சுவிடாமல் வாசித்து முடிக்கப்படுவதை நான் பல தடவை கேட்டு வருந்தியிருக்கிறேன். கரையில் இருப்பவருக்கு அது வெறும் இடைவெளியாக இருக்கலாம். வாடைக்காலத்தில் வள்ளத்தைத் தள்ளுவதா விடுவதா என்று நிற்பவருக்கு அதைவிட முக்கியமான வாக்கியம் அன்றைக்கு வேறொன்று இல்லை. அங்கே அந்த அறிக்கையைக் கேட்பவர்களுள் மிகப் பலர் கடலையே பாராமல் கட்டிலில் படுத்திருப்பவர்கள். தமக்கு வேண்டாத ஒரு செய்தி இன்னொருவருக்கு உயிர்நிலையானது என்பதை அறிந்தே அவர்கள் பொறுமையாகக் கேட்டிருக்கிறார்கள். உங்கள் தந்தையாரின் தொழிலுக்கு இப்படியொரு மதிப்பு ஒரு தேசிய வானொலியில் கிடைக்கும் என்றால், அது அவருக்குப் பயன்படாத விடயம் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன்.

உங்கள் முதற் கேள்விக்கும் விடை இதற்குள்ளேயே இருக்கிறது. நானே தெரிந்தெடுத்திருந்தால், நம் நேரப்படி பிற்பகல் இரண்டரை மணிக்கு வந்த சிந்தனை வரலாற்று நிகழ்ச்சியை மட்டும் கேட்டிருப்பேன். 1998 முதல் 2025 வரை மெல்வின் பிராக் நடத்திய நிகழ்ச்சி அது. பல்கலைக்கழக ஆசிரியர்கள் மூவரை அமர்த்தி, ஒரே பொருளை முக்கால் மணி நேரம், விளம்பரமோ பாட்டோ குறுக்கிடாமல் பேசவைப்பார்கள். முற்பகல் பதினொன்றேகாலுக்கு வந்த விவசாய நிகழ்ச்சியை நான் தேடிப் போயிருக்கமாட்டேன். ஆனால் பால் விலை கட்டவில்லை, மழை பருவம் தப்பிவிட்டது, வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை என்று அங்குள்ள கமக்காரர் ஒருவர் சொல்லிக்கொண்டு போனபோது, சுன்னாகம் சந்தையில் வெங்காயப் பிடிகளுக்கு முன்னால் நின்று அதையே சொல்லும் மனிதரை நான் கேட்டுக்கொண்டிருந்தேன். இடையில் வந்த அரசியல் நேர்காணல்கள் எனக்குச் சலிப்பூட்டின. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

நம் நேரப்படி நள்ளிரவு பன்னிரண்டரைக்கு வந்த கிராமத் தொடர்நாடகத்தைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரியோடு நிறுத்தியிருந்தேன்; அது போதாது. 'தி ஆர்ச்சர்ஸ்' என்ற அந்த நாடகம் 1951 ஜனவரி 1 முதல் நாடு முழுவதற்கும் ஒலிபரப்பாகி வருகிறது. போருக்குப் பின் உணவு பங்கீட்டு அட்டையில் கிடைத்துக்கொண்டிருந்த நாட்களில், விளைச்சலைப் பெருக்கும் வழிகளைக் கமக்காரருக்குக் கதையாகச் சொல்லும் நோக்கத்தோடு, விவசாய அமைச்சின் ஆலோசனையுடன் அதை அமைத்தார்கள். பங்கீடு 1954இல் முடிந்துவிட்டது, கதை முடியவில்லை. இலங்கை வானொலியில் 'சானா' என்று அறியப்பட்ட சண்முகநாதன் நாடகப் பகுதியைப் பார்த்துவந்த காலத்தில், நம்முடைய வீட்டுப் பேச்சு கொழும்பிலிருந்து ஒலித்ததைக் கேட்டு வளர்ந்தவர்கள் இதன் அருமையை உடனே விளங்கிக்கொள்வார்கள். 1967 ஜனவரியில் இலங்கை வானொலி கூட்டுத்தாபனமாக மாறியது. ரேடியோ 4 அதே ஆண்டு செப்டெம்பர் 30 அன்று அந்தப் பெயரோடு தொடங்கியது. செய்தி, நாடகம், கல்வி, கமம், நல்லூர்த் தேரின் நேர்முக வர்ணனை, மரண அறிவித்தல் எல்லாம் ஒரே அலைவரிசையில் வந்த ஒரு தேசிய சேவை நமக்கும் இருந்தது. ஆகவே நான் அயலாருடைய பொருளுக்கு ஆசைப்படவில்லை, தம்பி.

நீங்கள் பிறப்பதற்கு முன்பு, தொண்ணூறுகளில், யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இருக்கவில்லை. பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, ஒருவர் மிதிக்க, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் இரவு 9.15க்கு பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்பான தமிழோசை கேட்போம். எங்கள் ஒழுங்கையில் பெரும்பாலும் நான்தான் மிதித்தேன். மிதியின் வேகம் குறைந்தால் குரலும் அடங்கிவிடும். செய்தி முடிந்த பின்னர், நமக்குச் சற்றும் தொடர்பில்லாத ஏதோ ஒரு நாட்டைப் பற்றிய பெட்டக நிகழ்ச்சி வரும்போதும், மிதிப்பதை நிறுத்தச் சொல்லி யாரும் சொன்னதில்லை. அந்த நாட்களுக்கு எவரும் திரும்ப வேண்டியதில்லை. ஆயினும் வந்ததை வந்த ஒழுங்கில் முழுவதுமாகக் கேட்டதால்தான், பள்ளிக்கூடம் இடைவிட்டு நடந்த அந்தக் காலத்திலும் உலகத்தின் படம் ஒன்று என் மனத்தில் உருவாயிற்று. 1941 மே 3 அன்று தொடங்கிய தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30 அன்று நின்றபோது நான் அழுதேன் என்பதை இங்கே எழுதிவிடுகிறேன்.

பி.பி.சி.க்கு மக்கள் செலுத்தும் உரிமக் கட்டணத்திலிருந்து பணம் வருகிறது, ஆகையால் விளம்பரதாரரை எதிர்பாராமல் முக்கால் மணி நேரம் பேசமுடிகிறது. நம்மிடம் அது இல்லை என்று நீங்கள் மறுமொழி எழுதலாம். அது உண்மை. இருந்தாலும், முழு நாளுக்கு வசதியில்லாவிட்டாலும் ஒரு மணி நேரத்தை இப்படி அமைக்கலாம் என்று நம்புகிறேன். விடியலில், சோளகக் காற்றும் வாடைக் காற்றும் எப்படி இருக்கின்றன என்று ஆறுதலாக வாசிக்கப்படும் கடல் அறிக்கை. அதன்பின் மருதனார்மடத்திலும் சுன்னாகத்திலும் அன்றைய மரக்கறி விலை. அதையடுத்து, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் இருவரும் வலிகாமத்துத் தோட்டக்காரர் ஒருவரும் சேர்ந்து, சுண்ணாம்புக் கல்லுக்குக் கீழே இருக்கும் நம் நிலத்தடி நீரில் உரத்தின் நைத்திரேற்று எவ்வாறு இறங்குகிறது என்று அரை மணி நேரம் பேசட்டும். தோட்டக்காரர் கடல் அறிக்கையையும், கடற்றொழிலாளர் கிணற்று நீரைப் பற்றிய பேச்சையும் கேட்பார்கள். கல்லடுக்கில் நன்னீர் வற்றினால் உவர்நீர் ஏறுவது கரையோரக் கிணறுகளில்தான் முதலில் தெரியும். ஆகவே அது இருவருடைய பேச்சும்தான்.

அந்தக் கடல் அறிக்கைக்கு எனக்கு உங்கள் உதவி வேண்டும். காங்கேசன்துறைக்கும் பருத்தித்துறைக்கும் இடைப்பட்ட கடலை வானிலைத் திணைக்களம் ஒரே பகுதியாகத்தான் சொல்கிறது. ஆனால் தொழிலுக்குப் போகிறவர்கள் கடலடிப் பார்களுக்கும், கல்லுகளுக்கும், நீரோட்டம் திரும்பும் இடங்களுக்கும் வேறு வேறு பெயர் வைத்திருப்பார்கள். உங்கள் தந்தையார் அவற்றைக் கரையிலிருந்து ஒழுங்காகச் சொல்ல, நீங்கள் தொலைபேசியில் பதிந்து அனுப்பினால், அவருடைய குரலிலேயே இத்தளத்தில் வெளியிடுகிறேன். இரண்டு தடவை சொல்லச் சொல்லுங்கள். காற்று அதிகமாக உள்ள நேரத்தில் பதிந்தால் பெயர்கள் தெளிவாகக் கேட்காது.

அன்புடன்