வெளிநாட்டுக் குழந்தைகள் இல்லத்தில் தன்னார்வப் பணி: புறப்படும் முன்னும் திரும்பிய பின்னும் (கேள்வி பதில்)

குழந்தைகள் இல்லங்களில் வாழும் பிள்ளைகளை அவர்களுடைய குடும்பங்களோடு மீண்டும் சேர்த்துவைக்கும் பணியில் கம்போடியாவிலும் நேபாளத்திலும் நெடுங்காலம் இருந்தவள் நான். விமானச் சீட்டு, தங்கும் அறை பற்றிய கேள்விகளைப் பயண முகவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளைப் பற்றியும், அவர்களை விட்டுவிட்டு ஊர் திரும்புவதைப் பற்றியும் கேளுங்கள், எழுதுகிறேன்.

கேள்வி (கல்லூரி மாணவி): அக்கா, தேர்வு முடிந்ததும் இரண்டு மாதம் கம்போடியாவில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் தங்கிப் பணி செய்ய ஆசைப்படுகிறேன். எனக்குக் குழந்தைகள் என்றால் உயிர். என்னென்ன தயாரிப்பு வேண்டும்?

பதில்: தங்கைக்கு, தயாரிப்பைப் பற்றிப் பேசும் முன் அந்த இல்லத்தில் இருக்கும் பிள்ளைகள் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கம்போடியாவில் 2005-க்கும் 2010-க்கும் இடையில் இத்தகைய இல்லங்களின் எண்ணிக்கை 154-லிருந்து 269 ஆக உயர்ந்தது. அந்த ஆண்டுகளில் பெற்றோரை இழந்த பிள்ளைகள் பெருகியதால் வந்த உயர்வு அன்று அது. வெளிநாட்டுப் பயணிகளும் அவர்கள் கொண்டுவந்த நன்கொடையும் பெருகியதே பெரிய காரணம். இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் ஏறத்தாழ நால்வரில் மூவருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருந்தார்கள் என்பதை யுனிசெப் துணையோடு நடந்து 2011-இல் வெளியான ஆய்வு காட்டியது. அவர்களில் பலர், படிக்கவைப்போம் என்று சொல்லி ஏழைப் பெற்றோரிடமிருந்து வாங்கி வந்த பிள்ளைகள். பிள்ளை இருந்தால்தான் தன்னார்வலர் வருவார், தன்னார்வலர் வந்தால்தான் பணம் வரும் என்றாகிவிட்ட இடத்தில், பிள்ளையைத் தாயிடம் திருப்பி அனுப்ப நிர்வாகிக்கு எப்படி மனம் வரும்?

இன்னொன்றையும் நேரில் கண்டதால் சொல்கிறேன். ஓர் இல்லத்தில் மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று, வாசலில் வேன் வந்து நிற்கும் சத்தம் கேட்டதுமே ஓடிவந்து, இறங்கியவர் யாரென்று நிமிர்ந்துகூடப் பாராமல் அவர் காலைக் கட்டிக்கொண்டு, தூக்கச் சொல்லி இரு கைகளையும் நீட்டும். வந்தவர்கள் கண்கலங்கி, 'எவ்வளவு பாசம் பாருங்கள்' என்பார்கள். தாயிடம் வளரும் மூன்று வயதுக் குழந்தை புது ஆளைக் கண்டால் தாயின் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்க்கும். யாரிடம் போகலாம், யாரிடம் போகக்கூடாது என்ற பாகுபாடே ஒரு குழந்தைக்கு இல்லாமல் போவது, தன்னுடையவர் என்று சொல்ல ஒருவரும் நிலைக்காததால் வந்த காயம். ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 136 குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வில், இல்லத்திலிருந்து வளர்ப்புக் குடும்பத்துக்கு மாறிய குழந்தைகள், குறிப்பாக இரண்டு வயதுக்குள் மாறியவர்கள், மற்றவர்களைவிடத் தெளிவாகத் தேறினார்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாறும் அன்பான முகங்கள் அந்தக் காயத்தை ஆற்றுவதில்லை. ஒவ்வொரு விடைபெறலிலும் அதை மறுபடி திறக்கின்றன.

ஆகவே குழந்தைகளை நேரடியாகப் பராமரிக்கும் பணிக்கு இரண்டு மாதத்துக்காகப் போகாதீர்கள். பிள்ளைகளைக் குடும்பத்திலேயே வைத்து உதவும் அமைப்புகளுக்குக் கணக்கெழுத, மொழிபெயர்க்க, நன்கொடையாளர்களுக்குக் கடிதம் எழுத ஆள் தேவைப்படுகிறது. உங்கள் ஆர்வம் அங்கே வீணாகாது. குழந்தைகளோடுதான் இருக்க வேண்டுமென்றால், நீங்கள் வாழும் ஊரிலேயே, வாரம் தவறாமல், ஆண்டுக்கணக்கில் போக முடிகிற ஓர் இடத்தைத் தேடுங்கள்.

கேள்வி (தனியார் நிறுவன ஊழியர்): நம்பகமான ஏஜென்சி ஒன்றைச் சொல்ல முடியுமா?

பதில்: பெயர் சொல்ல மாட்டேன், எப்படி அறிவது என்று சொல்கிறேன். போலீஸ் சரிபார்ப்புச் சான்றிதழும் இரண்டு பேரின் பரிந்துரைக் கடிதமும் கேட்காமல், பணம் கட்டியதும் பிள்ளைகள் உறங்கும் அறைவரை உங்களை அனுமதிக்கும் இடம், உங்களைப் போலவே வேறு எவரையும் அனுமதிக்கும். போன ஆண்டு எத்தனை பிள்ளைகளைக் குடும்பத்துக்குத் திருப்பி அனுப்பினீர்கள் என்று கேளுங்கள். அதற்கு நேரான பதில் வராவிட்டால் விலகிவிடுங்கள்.

கேள்வி (புகைப்படக் கலைஞர்): இல்லத்துக் குழந்தைகளின் படங்களை நிதி திரட்டுவதற்காக மட்டும் இணையத்தில் போடலாமா?

பதில்: முகமோ, பெயரோ, இல்லத்தின் பெயர்ப்பலகையோ தெரியும் எந்தப் படத்தையும் போடாதீர்கள். நோக்கம் எதுவானாலும் பதில் இதுவே. பன்னிரண்டு வயதில் அழுதுகொண்டிருந்த தன் படத்தை இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்த இடத்தில் ஒருவர் காட்டினால் அந்தப் பிள்ளைக்கு எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

கேள்வி (இளைஞர்): சுற்றுலா விசாவில் போய்ப் பணி செய்யலாம், யாரும் கேட்க மாட்டார்கள் என்கிறார்களே?

பதில்: நேபாளத்தில் சுற்றுலா விசாவில் தன்னார்வப் பணி செய்வது சட்டவிரோதம். தாய்லாந்தில் சம்பளமில்லாத பணிக்கும் அதற்குரிய விசாவும் பணி அனுமதியும் வேண்டும். சட்டத்தை மீறி வாருங்கள் என்று முதல் நாளே சொல்லும் இல்லம், பிள்ளைகளின் விஷயத்தில் எந்தச் சட்டத்தை மதிக்கப்போகிறது?

கேள்வி (பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்): அம்மா, உங்கள் பதில்கள் மனதைப் புண்படுத்துகின்றன. நானும் என் மனைவியும் ஒரு வெளிநாட்டு இல்லத்தில் ஆங்கிலமும் கணக்கும் கற்பித்தோம். அங்கே பிள்ளைகள் வயிறாரச் சாப்பிட்டார்கள், பள்ளிக்குப் போனார்கள். குடும்பம், குடும்பம் என்கிறீர்கள். குடித்துவிட்டு அடிக்கும் தந்தையிடமா அவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டும்? நல்லது செய்ய வருகிறவர்களை எல்லாம் இப்படி விரட்டினால் அந்தப் பிள்ளைகளுக்கு யார் இருக்கிறார்கள்?

பதில்: ஐயா, உங்கள் கோபத்தில் பிள்ளைகள் மீதுள்ள அக்கறை தெரிகிறது. அடிக்கும் தந்தையிடம் பிள்ளையை அனுப்பச் சொல்பவள் அல்ல நான். ஐக்கிய நாடுகள் சபை 2009-இல் ஏற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டு நெறிகளும் அப்படிச் சொல்லவில்லை. தாய் தந்தையிடம் இருக்க முடியாத பிள்ளைக்குப் பாட்டி, சித்தி, மாமா இருக்கிறார்களா என்று முதலில் தேட வேண்டும். அவர்களும் இல்லையென்றால் வளர்ப்புக் குடும்பம். அதுவும் பொருந்தாத பிள்ளைக்கு, தேவைப்படும் காலம் மட்டும், சிறிய இல்லம். வறுமை ஒன்றையே காரணம் காட்டிப் பிள்ளையைப் பிரிக்கக்கூடாது என்றும் அந்த நெறிகள் தெளிவாகச் சொல்கின்றன. நான் பார்த்த பிள்ளைகளில் பெரும்பாலோர் பிரிக்கப்பட்டதற்குக் காரணம் வறுமைதான், அடி அன்று.

நேபாளத்தில் 1996 முதல் 2006 வரை நடந்த உள்நாட்டுப் போரின்போது ஹும்லா போன்ற தொலைதூர மலை மாவட்டங்களுக்குத் தரகர்கள் போய், பிள்ளைகளைப் போரிலிருந்து காப்பாற்றி நகரத்தில் படிக்கவைப்பதாகச் சொல்லிப் பெற்றோரிடம் பெரும் பணமும் வாங்கிக்கொண்டு அழைத்துவந்தார்கள். வந்த பிள்ளைகளுக்குப் பெற்றோர் இறந்துவிட்டதாகப் போலிக் காகிதங்கள் தயாராயின. இவ்வாறு பிள்ளையை இல்லத்தில் சேர்த்து ஆதாயம் தேடுவதும் ஆள்கடத்தலே என்று சொல்லத் தொடங்கிய முதல் நாடு ஆஸ்திரேலியா. 2018-இல் அது இயற்றிய நவீன அடிமைத்தனச் சட்டத்தை ஒட்டி அந்த முடிவு வந்தது. 2019 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையும் இல்லங்களில் தன்னார்வப் பணி என்ற பெயரில் நடப்பவற்றின் தீங்கைத் தீர்மானத்திலேயே குறிப்பிட்டது.

கேள்வி (இல்லத்தில் வளர்ந்தவர்): ஆசிரியர் ஐயாவுக்கு ஒரு வார்த்தை. நான் ஏழு வயது முதல் இல்லத்தில் வளர்ந்தவன். ஒவ்வொரு குழுவாக வந்த அண்ணன்களும் அக்காக்களும் ஆங்கிலத்தில் நிறங்களின் பெயரையே சொல்லிக்கொடுத்தார்கள். எங்களுக்கு அது எப்போதோ மனப்பாடம். புதிதாக வந்தவர் மகிழட்டும் என்று தெரியாதவர்கள் போல இருந்து, பிறகு கற்றுக்கொண்டவர்கள் போலச் சொல்வோம். யார் மீதும் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அவர்களில் ஒருவர்கூட என் அம்மா எங்கே என்று கேட்டதில்லை.

கேள்வி (அதே ஆசிரியர்): தம்பி எழுதியதை இரண்டு முறை படித்தேன். ஆனாலும் கேட்கிறேன்: பிள்ளைகளிடம் நேரடியாகப் போகக்கூடாது என்றால், முப்பது ஆண்டுக் கற்பித்தல் அனுபவத்தை நான் எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது?

பதில்: ஐயா, அங்கே நிரந்தரமாகச் சம்பளம் வாங்கி வேலை செய்யும் ஆசிரியர்களிடமும் இல்லத் தாய்மார்களிடமும் கொடுங்கள். ஐந்தாம் வகுப்பில் கணக்கில் பின்தங்கிய பிள்ளையை எப்படி மேலே கொண்டுவருவது என்று அவர்களில் நால்வருக்கு நீங்கள் கற்பித்தால், நீங்கள் விமானம் ஏறிய பிறகும் அந்தக் கற்பித்தல் அங்கேயே இருக்கும். எந்தப் பிள்ளையும் யாரையும் இழக்காது. மருத்துவர்கள், இயன்முறை சிகிச்சையாளர்கள் சிலரும் கேட்டிருந்தீர்கள். உங்களுக்கும் இதுவே பதில்.

தம்பி, உங்களிடம் ஒருவரும் கேட்காத அந்தக் கேள்வியை, 'இந்தப் பிள்ளையின் அம்மா எங்கே' என்பதை, இல்லத்துக்குப் போகிற ஒவ்வொருவரும் முதல் நாளே நிர்வாகியிடம் கேட்க வேண்டும்.

கேள்வி (மாணவர்): நல்ல ஏஜென்சி எது?

பதில்: மேலே எழுதியிருக்கிறேன்.

கேள்வி (இல்லத்தரசி): பொம்மைகளும் மிட்டாயும் வாங்கிப்போய்க் குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா?

பதில்: இல்லத்து நிர்வாகத்திடம் ஒப்படையுங்கள், கையில் கொடுக்காதீர்கள். பிள்ளைகளிடம் 'அடுத்த முறை வரும்போது இன்னும் வாங்கிவருகிறேன்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவர்கள் அதற்காக நாள்கணக்கு வைத்துக் காத்திருப்பார்கள்.

கேள்வி (திரும்பி வந்த தன்னார்வலர், பெண்): அக்கா, ஆறு மாதம் பணி செய்துவிட்டுப் போன மாதம் திரும்பினேன். வீட்டில் எல்லாரும் சிரித்துப் பேசுவதே எரிச்சலாக இருக்கிறது. கடைக்குப் போனால் பாதியில் வெளியே வந்துவிடுகிறேன். என்னிடம் ஒட்டிக்கொண்ட பதின்மூன்று வயதுப் பெண் இரவில் வாட்ஸாப்பில் 'எப்போது வருவீர்கள்' என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். பதில் போட்டாலும் வலிக்கிறது, போடாவிட்டாலும் வலிக்கிறது.

பதில்: உங்கள் கேள்விக்காகவே இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் உங்களைப் பற்றி. புது நாட்டுக்குப் போகும்போது ஏற்படும் தடுமாற்றம் ஊர் திரும்பும்போது மறுபடியும் ஒருமுறை வரும் என்பதை ஆய்வாளர்கள் 1963-லேயே எழுதிவிட்டார்கள். இரண்டாவது தடுமாற்றம்தான் கூடுதலாக வதைக்கும், ஏனென்றால் அதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. சொந்த வீட்டில் என்ன கஷ்டம் என்று வீட்டாரும் கேட்பார்கள். அவர்கள் மீது கோபப்படாதீர்கள். அவர்கள் பார்க்காததை நீங்கள் பார்த்துவிட்டீர்கள், அவ்வளவுதான். எல்லாவற்றையும் எல்லாரிடமும் சொல்ல முயலாமல், இதே பணியில் இருந்து திரும்பிய ஒருவரிடம் விரிவாகப் பேசுங்கள். உறக்கம் கெடுவது, கண்ட காட்சிகள் திரும்பத் திரும்ப வருவது, யாரோடும் பேசப் பிடிக்காதது ஆகியவை மாதத்தைத் தாண்டியும் நீடித்தால் மனநல ஆலோசகரைப் பாருங்கள். பிறர் துயரத்தைச் சுமப்பவர்களுக்கு வரும் சோர்வு மருத்துவ உலகம் நன்கு அறிந்த ஒன்று. அது உங்கள் பலவீனம் அன்று.

இனி அந்தப் பெண். திடீரென்று எண்ணை முடக்கி மறைந்துவிடாதீர்கள். அவள் வாழ்க்கையில் ஏற்கெனவே பலர் அப்படி மறைந்திருப்பார்கள். இரவில் தனியாக, இல்லத்தாருக்குத் தெரியாமல் நடக்கும் உரையாடலையும் தொடராதீர்கள். உங்களுக்குப் பழகிய அந்த வழியில் நாளை தீய எண்ணமுள்ள ஒருவரும் அவளிடம் வரக்கூடும். இல்லத்தின் சமூகப் பணியாளரிடம் விஷயத்தைச் சொல்லி, அவர் அறிய ஒரு கடிதம் எழுதுங்கள்: உன்னோடு இருந்த நாள்கள் எனக்குப் பெரியவை, நான் என் ஊரில் இருக்கிறேன், திரும்பி வருவதாக என்னால் வாக்குக் கொடுக்க முடியாது, இன்ன மாதம் உனக்குக் கடிதம் எழுதுவேன். அந்த மாதம் கட்டாயம் எழுதுங்கள். நிறைவேற்றக்கூடிய சிறிய சொல்லைக் கொடுத்து அதைக் காப்பாற்றுவதே அவளுக்குத் தேவை. அவளுடைய அத்தையோ பாட்டியோ எங்கே இருக்கிறார்கள் என்று இல்லத்தார் தேடுகிறார்களா என்பதையும் அதே சமூகப் பணியாளரிடம் கேட்டுவிடுங்கள்.

கேள்வி (திரும்பி வந்தவர், ஆண்): நான் பணி செய்த இல்லத்தில் காவலாளி பிள்ளைகளை அடிப்பதைக் கண்டேன். இப்போது ஃபேஸ்புக்கில் எழுதலாமா?

பதில்: எழுதாதீர்கள். சாட்சியங்கள் மறைவதற்கும், அடிபட்ட பிள்ளை மறுபடி அடிபடுவதற்கும் அது வழிவகுக்கும். தேதி, இடம், கண்ணால் கண்டது, காதால் கேட்டது ஆகியவற்றைத் தனித்தனியே இன்றே எழுதிவைத்து, அந்நாட்டின் குழந்தைகள் பாதுகாப்பு அதிகாரிகளுக்கும் உங்களை அனுப்பிய அமைப்புக்கும் எழுத்துமூலம் தெரிவியுங்கள். பதில் வரும்வரை விடாதீர்கள்.

கேள்வி (தம்பதியர்): அங்கே பழகிய ஒரு குழந்தையைத் தத்தெடுக்க முடியுமா?

பதில்: தன்னார்வலராகப் பழகியதால் எந்த உரிமையும் வராது. உங்கள் நாட்டின் தத்தெடுப்பு மைய அமைப்பை அணுகுங்கள். குழந்தையிடம் இதைப் பற்றி மூச்சுக்கூட விடாதீர்கள்.

கேள்வி (மாணவி): ஏதாவது ஏஜென்சி பெயர் சொல்லுங்களேன்.

பதில்: மூன்றாவது முறை. இரண்டாம் கேள்விக்கான பதிலைப் படியுங்கள்.

கேள்வி (திரும்பி வந்தவர்): உகாண்டாவிலிருந்து வந்து மூன்று வாரமாகிறது. ஊர் வந்து சேர்ந்ததுமே மலேரியா மாத்திரையை நிறுத்திவிட்டேன். இரண்டு நாளாகக் குளிரும் காய்ச்சலும் விட்டுவிட்டு வருகின்றன. பயணக் களைப்பா, மனச்சோர்வா?

பதில்: இதைப் படித்து முடித்ததும் மருத்துவமனைக்குப் புறப்படுங்கள், நாளைக்கு என்று தள்ளாதீர்கள். மலேரியா இல்லாத பகுதியில் இருந்தால் மருத்துவருக்கு அது உடனே நினைவுக்கு வராது; ஆகவே நாட்டின் பெயரையும் திரும்பிய தேதியையும் நீங்களே முதலில் சொல்லி, இரத்தப் பரிசோதனை கேளுங்கள். முதல் முடிவில் இல்லை என்று வந்தாலும், காய்ச்சல் நிற்காவிட்டால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் மறுபடி பரிசோதிக்கச் சொல்லுங்கள். மாத்திரைகளில் பெரும்பாலானவற்றை ஊர் திரும்பிய பின்னும் சில நாள்கள் முதல் நான்கு வாரம்வரை தொடர வேண்டும். எந்த மாத்திரை, எந்தத் தேதியில் நிறுத்தினீர்கள் என்பதைச் சீட்டில் எழுதிக் கையோடு கொண்டுபோங்கள்.