கூட்டத்துக்குப் போய் என்ன கிடைக்கும்?

கேள்வி: சாத்தூருக்கு அருகே ஒரு பள்ளியில் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். மூன்று ஆண்டுகளாகச் சிறுகதை எழுதுகிறேன். இரண்டு கதைகள் வார இதழ்களில் வந்துள்ளன. கோவில்பட்டியில் நடக்கும் இலக்கியக் கூட்டத்துக்கு வருமாறு உடன் பணிபுரிபவர் ஒருவர் அழைக்கிறார். எனக்கோ கூச்சம் அதிகம். எழுத்து தனிமையில் செய்கிற வேலைதானே என்றும் தோன்றுகிறது. "ஞாயிற்றுக்கிழமையைக் கெடுத்துக்கொண்டு அங்கே போய் என்ன கிடைக்கும்?" என்று கணவர் கேட்கிறார். அவர் தடுக்கவில்லை, ஆனால் என்னிடமும் பதில் இல்லை.
- ஒரு வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவர் கேட்பது நியாயமான கேள்வி. பொன்னாடையும் வாழ்த்துரையும் குழுப் புகைப்படமும்தான் கூட்டம் என்றால், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பதே மேல். நான் உங்களைப் போகச் சொல்வது வேறொன்றுக்காக. உங்களுக்கு எந்த விதத்திலும் கடமைப்படாத ஒருவர், உங்கள் கதையைத் தம் வாயால் திருப்பிச் சொல்வதை நீங்கள் ஒருமுறையாவது கேட்க வேண்டும்.

சென்னையில் 1970இல் தொடங்கப்பட்ட இலக்கியச் சிந்தனை அமைப்பு, அந்தந்த மாதம் இதழ்களில் வெளிவந்த சிறுகதைகளைப் படித்து அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வழக்கத்தைப் பல ஆண்டுகள் நடத்திவந்தது. சிற்றூர்களில் இயங்கும் வாசகர் வட்டங்கள் பலவற்றிலும் இதற்கு ஒப்பான முறை உண்டு. விமர்சிக்க வருகிறவர் முதலில் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, பிறகே தம் கருத்துக்கு வருவார். புதிதாக எழுத வந்தவருக்குக் கருத்தைவிட அந்தச் சுருக்கமே பெரிய பாடம் என்பது என் அனுபவம். என் தொடக்க காலக் கதை ஒன்றை ஒரு கூட்டத்தில் அப்படிச் சொன்னார்கள். ஊரை விட்டுக் கிளம்பும் ஒரு குடும்பத்தைப் பற்றிய அந்தக் கதையில் நான் இரண்டு பக்கங்களுக்கு மழையை வருணித்திருந்தேன். சொன்னவர் நான்கே நிமிடங்களில் கதையை முடித்தார். அதில் ஒரு துளி மழைகூட இல்லை. ஆனால், நான் போகிறபோக்கில் ஒரே வரியில் எழுதியிருந்த, திண்ணையில் விட்டுச்செல்லப்பட்ட ஆட்டுக்கல்லைப் பற்றி மட்டும் அவர் இரண்டு முறை பேசினார். வீடு திரும்பும்வரை எனக்கு அவர்மீது கோபம்தான். மறுநாள் மழையை வெட்டினேன்.

இதை வீட்டார் செய்ய மாட்டார்கள். அவர்கள் கதையைப் படிக்கும்போது உங்களையும் சேர்த்தே படிக்கிறார்கள். இதழாசிரியர்களுக்கு நேரமில்லை. அன்போடும், அன்பின் சலுகை இல்லாமலும் படிக்கக்கூடியவர் உங்களைப் போலவே எழுதிக்கொண்டிருக்கும் இன்னொருவர்தான். அவரை எங்கேயாவது சென்றுதான் கண்டடைய வேண்டும்.

நீங்கள் இருக்கும் பகுதியே இதற்குச் சான்று. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் உள்ள இடைசெவலில் கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் சேர்ந்து வளர்ந்தார்கள். அழகிரிசாமி பத்திரிகை வேலைக்காகச் சென்னைக்கும் பிறகு மலேசியாவுக்கும் சென்றார், கி.ரா. ஊரிலேயே விவசாயியாக இருந்தார். அப்போதும் படித்ததையும் கேட்ட சங்கீதத்தையும் பற்றி அவர்களுக்கிடையே கடிதங்கள் ஓடிக்கொண்டே இருந்தன. அழகிரிசாமி எழுதிய கடிதங்கள் பின்னாளில் நூலாகவும் வந்தன. ஒருவர் இளமையிலேயே புகழ்பெற்ற சிறுகதையாசிரியரானார், மற்றவர் முப்பது வயதைக் கடந்த பிறகே கதைகளை வெளியிடத் தொடங்கினார். ஒரே சிற்றூரைச் சேர்ந்த அந்த இருவருக்கும் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது: அழகிரிசாமிக்கு 1970இல், அவர் மறைந்த பின், கி.ரா.வுக்கு 1991இல். நட்புதான் அவர்களை எழுத்தாளர்களாக்கியது என்று நான் சொல்லவில்லை. ஆனால் எழுதாமல் இருந்த ஆண்டுகளில்கூட, இலக்கியத்தைப் பற்றி ஓயாமல் பேச ஒருவர் வாய்த்தது கி.ரா.வுக்குப் பெரிய உதவியாகவே இருந்திருக்கும்.

இன்னொரு பயன், சற்றே லௌகீகமானது. எந்த இதழ் எவ்வளவு நீளக் கதையை ஏற்கும், பதில் வராவிட்டால் எத்தனை மாதம் காத்திருக்கலாம், புத்தகம் போட எழுத்தாளரிடமே பணம் கேட்கும் பதிப்பாளரிடம் எதையெல்லாம் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பவை எந்த நூலிலும் இல்லை. கூட்டம் முடிந்த பிறகு தேநீர்க் கடையில் நிற்கும் பத்து நிமிடங்களில் இருக்கின்றன. அந்தத் தேநீர்க் கடை பெரும்பாலும் ஆண்களின் இடமாகவே இருந்துவந்திருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆகவே, கூட்டத்தை மாலை ஆறு மணிக்குப் பதிலாக மூன்று மணிக்குத் தொடங்க முடியுமா என்று அமைப்பாளரிடம் தயங்காமல் கேளுங்கள். இருட்டிய பிறகு வீடு திரும்ப வேண்டியிருக்கும் என்பதாலேயே உங்களைப் போல் இன்னும் இரண்டு பெண்கள் வராமல் இருக்கக்கூடும்.

தனிமையைப் பற்றிய உங்கள் ஐயத்துக்கு வருகிறேன். ஆர். சூடாமணி மேடைகளிலிருந்து விலகியிருந்தபடியே ஏராளமான நல்ல கதைகளை எழுதினார். கூட்டம் இல்லாமல் எழுத்து இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கூட்டத்துக்குச் செல்வதையே எழுத்து வேலையாக எண்ணிக்கொண்டு, பத்தாண்டுகளாக ஒரு கதையும் முடிக்காதவர்களையும் நான் அறிவேன். மாதத்துக்கு ஒன்று போதும். கோஷ்டிகளும் இருக்கும், இன்னாரைப் படிக்காதே என்று உங்களிடம் சொல்கிறவர் அமர்ந்திருக்கும் வரிசையை விட்டு எழுந்துவிடுங்கள்.

கூச்சம் ஒரு தடையே அல்ல. பேசுகிறவர்களைவிடக் கேட்கிறவர்களுக்குத்தான் இத்தகைய இடங்களில் பஞ்சம். முதல் முறை உங்கள் கதையை எடுத்துச் செல்லாதீர்கள். அன்று பேசப்படவிருக்கும் கதையை முன்கூட்டியே இரண்டு முறை படித்துவிட்டுச் செல்லுங்கள். இருநூறு நாற்காலி போட்ட விழாவைவிட, நூலக வாசகர் வட்டத்தில் பன்னிரண்டு பேர் அமரும் கூட்டம் நல்லது. அங்கே எழுதியவரைப் பற்றிப் பேசுகிறார்களா, எழுத்தைப் பற்றிப் பேசுகிறார்களா என்று மட்டும் கவனியுங்கள். எழுத்தைப் பற்றி என்றால், மூன்றாவது கூட்டத்தில் உங்கள் கதையைக் கொடுக்கலாம்.

கணவருக்கு இப்போதே பதில் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் கதையைப் பற்றிக் கூட்டத்தில் பேசியதைக் கேட்ட பிறகு அதைத் திருத்தி எழுதுங்கள். பழைய பிரதியையும் புதிய பிரதியையும் அவர் கையில் கொடுத்து, எது எது என்று சொல்லாமல், படிக்கச் சொல்லுங்கள்.