வாசகர் கேள்வி: பேரனை எங்கே சேர்ப்பது?

கேள்வி: பேரன் மேட்ரிக் (12-ஆம் வகுப்பு) முடித்துவிட்டான். எலக்ட்ரீஷியன் ஆகணும், தொழிற்கல்வி தரும் அரசு டிவெட் காலேஜில் சேருகிறேன் என்கிறான். "யூனிவர்சிட்டி கிடைக்காதவன் போகிற இடம்" என்று சொந்தக்காரர்கள் பேசுகிறார்கள். எனக்கும் மனசு கேட்கவில்லை. என்ன செய்ய?
- ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: சேரட்டும் அம்மா, தடுக்காதீர்கள்.

டர்பன் தமிழர்களே இப்படிப் பேசுவதுதான் எனக்கு வருத்தம். எம்.எல். சுல்தான் காலேஜ் எங்கே முளைத்தது தெரியுமா? கிராஸ் தெரு இந்து தமிழ் இன்ஸ்டிடியூட்டில், வேலைக்குப் போகிறவர்களுக்கான வகுப்பாக. வெள்ளையர் காலேஜ் வாசல் நமக்குத் திறக்காத காலம் அது. 1890-இல் ஒப்பந்தக் கூலியாக வந்து, ரயில்வேயில் மூட்டை தூக்கி, வாழை பயிரிட்டு முன்னுக்கு வந்த சுல்தான் காலேஜ் கட்ட 12,500 பவுண்டு கொடுத்தார். 1946-இல் காலேஜ் ஆனது. 2002-இல் டெக்னிகோன் நட்டால் என்ற இன்னொரு தொழில்நுட்பக் கல்லூரியோடு இணைந்தது. இன்று அதுதான் டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்.

அந்த சுல்தான் காலேஜில் ராத்திரி வகுப்பில் படித்தவன் நான். பகலெல்லாம் துணி ஆலை. சட்டையில் ஒட்டிய பஞ்சு வரைபடத் தாளில் விழக்கூடாதென்று வாசலிலேயே தட்டிவிட்டுத்தான் உட்காருவேன். பக்கத்தில் என் அப்பா வயசுக்காரர் ஒருவர். கட்டைவிரலில் பாதி நகம் கிடையாது. அவர் போட்ட கோடு மயிரிழை பிசகாது. என் கோட்டை விரலால் தடவிப் பார்த்து, "பென்சிலைச் சீவு தம்பி" என்பார். அப்புறம் கடைசி பஸ்ஸுக்கு ஓட்டம். அந்தச் சான்றிதழ் தந்த சம்பளத்தில்தான் இரண்டு தங்கைகளுக்குக் கல்யாணம் செய்தேன்.

இன்று நாட்டில் 50 அரசு டிவெட் காலேஜ்கள் இருக்கின்றன. மேட்ரிக் முடிக்காத பெரியவர்களுக்கு மாகாணத்துக்கு ஒன்றாக 9 சமூகக் கல்லூரிகளும் உண்டு. வீட்டு வருமானம் வருஷத்துக்கு 3,50,000 ராண்டுக்குள் என்றால் என்எஸ்ஃபாஸ் என்ற அரசு மாணவர் நிதியுதவிக்கு எழுதிப் போடலாம்.

சரி, ஒன்றில் மட்டும் உஷாராக இருங்கள். பாடம் முடித்ததுமே எலக்ட்ரீஷியன் ஆகிவிட முடியாது. வேலையிடத்தில் கைப்பழக்கம் பெற்று டிரேட் டெஸ்ட் என்ற தொழில்திறன் தேர்வில் தேற வேண்டும். பிள்ளைகள் தடுக்கி நிற்பது இங்கேதான். என் அண்ணன் மகன் பரீட்சையெல்லாம் தேறியும், பயிற்சிக்குச் சேர்த்துக்கொள்ள ஆளில்லாமல் இரண்டு வருஷம் வீட்டில் இருந்தான். அதனால் சேரும் நாளில் நீங்களும் கூடப் போங்கள். பயிற்சிக்கு எங்கே அனுப்புவார்கள், போன வருஷம் எத்தனை பேரை அனுப்பினார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள்.